ஐ ஆம் ஹேவிங் எ டவுட்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இரவு ஏழரை மணி கால். அந்தப் பக்கம் அமெரிக்கக் கிளையன்ட். இந்தப் பக்கம் நாங்கள் எட்டு பேர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, தென்காசிப் பக்கத்துக்காரன், முதல்முறையாக மைக்கை ஆன் செய்து பேசினான். "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்."

அவன் கேட்டது இதுதான். நவம்பரில் ஒரு இரவு அமெரிக்காவில் கடிகாரத்தை இரண்டு மணியிலிருந்து ஒரு மணிக்குப் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றைக்கு மட்டும் ஒன்றரை மணி இரண்டு முறை வரும். ஒன்றரை மணிக்கு ஓட வேண்டிய நம்முடைய ஜாப் அன்று இரண்டு தடவை ஓடாதா? ஓடினால் ஒரே பில் இரண்டு தடவை போகாதா?

கிளையன்ட் "நல்ல கேள்வி" என்றார். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார். அந்த 'ஹேவிங்' அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. விழுந்தது எங்கள் காதில்தான். டீமுக்கு மட்டுமான சாட்டில் ஒருவர் "ஹேவிங்கோ ஹேவிங்" என்று போட்டார். வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள். அதில் ஒன்று நான் போட்டது.

அந்த வருட அப்ரைசலில் அவனுக்கு "கம்யூனிகேஷன் போதாது, எம்டிஐ அதிகம்" என்று எழுதினார்கள். எம்டிஐ என்றால் மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ், தாய்மொழித் தாக்கம். ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று லேப் ரிப்போர்ட்டில் வருமே, அந்த மாதிரி. அதற்கப்புறம் அவன் கால்களில் வாயே திறக்கவில்லை. கேள்வி இருந்தால் எனக்குத் தனியாக டைப் செய்வான். நான் அதை வாசித்துவிட்டு என் கேள்வியாகக் கேட்பேன். கிளையன்ட் என்னைப் பாராட்டுவார்.

இந்த அநியாயத்தின் நடுவில் இருப்பது ஒரு சின்ன வால். ஆங்கில வினைச்சொல்லின் பின்னால் ஒட்டுகிற 'இங்'. அதை நமக்குச் சொல்லிக்கொடுத்த விதம் தப்பு. அதை வைத்து ஆளை அளக்கிற விதம் அதைவிடத் தப்பு. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கருவியெல்லாம் பள்ளியிலேயே நம் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கருவியும் இந்த வேலையும் சம்பந்தப்பட்டவை என்று யாரும் சொல்லவில்லை. இதுதான் என் கட்சி. வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழி தமிழ் மேல்

முதலில் அந்த எம்டிஐ குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழில் சந்தேகம் வந்தால் என்ன சொல்கிறோம்? "எனக்கு ஒரு சந்தேகம்." அவ்வளவுதான், வினைச்சொல்லே கிடையாது. நீட்டினால் "சந்தேகம் இருக்கு." "சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கு" என்றும் சொல்வோம்தான், ஆனால் அது பல நாளாக மனதை அரிக்கிற சந்தேகம். மீட்டிங்கில் கை தூக்கிக் கேட்கிற சந்தேகத்துக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "ஐ ஆம் நோயிங் ஹிம்" என்பதும் அப்படியே. தமிழில் "அவரை எனக்குத் தெரியும்." "தெரிந்துகொண்டிருக்கிறது" என்று பேசுகிற தமிழனை நான் இதுவரை பார்த்ததில்லை. தமிழ் முழு வீச்சில் தாக்கியிருந்தால் அந்தத் தம்பி சரியாகத்தான் பேசியிருப்பான்.

அப்போ அந்த 'ஹேவிங்' எங்கிருந்து வந்தது? ஆங்கில வகுப்பிலிருந்து. கரும்பலகையில் பன்னிரண்டு கட்டம் போட்டு டென்ஸ் அட்டவணை எழுதி, "இப்போ நடந்துக்கிட்டிருந்தா 'இங்' போடு" என்று சொல்லிக்கொடுத்த அந்த ஒற்றை விதியிலிருந்து. சந்தேகம் எப்போது இருக்கிறது? இப்போது. அப்போ 'இங்' போடு. பையன் விதியை மீறவில்லை. ஒழுங்கான மாணவனாக அதைக் கடைப்பிடித்தான்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். நம் நிகழ்காலம் அகலமானது. "நான் சென்னையில் வேலை பார்க்கிறேன்" என்பது 'ஐ வொர்க்' என்பதற்கும் பொருந்தும், 'ஐ ஆம் வொர்க்கிங்' என்பதற்கும் பொருந்தும். ஆங்கிலம் அதை இரண்டாகக் கிழிக்கிறது. கிழிக்கிற கோடு எங்கே போகிறது என்பதைத்தான் பள்ளி காட்டியிருக்க வேண்டும். பள்ளி காட்டியது 'இப்போ' என்கிற ஒரு சொல்லை மட்டும்.

அந்தக் கோட்டைத் தமிழை வைத்தே ஓரளவு காட்டலாம். வினையோடு 'கொண்டிருக்கிறது' ஒட்டுகிறதா என்று பாருங்கள். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" ஒட்டுகிறது, அதனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. "எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்" ஒட்டவில்லை, அதனால் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" இடிக்கிறது. "எனக்கு இந்தப் பாட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது" ஒட்டவில்லை, அதனால் "ஐ ஆம் லைக்கிங்" வேண்டாம். ஒரே 'ஹேவ்' ஓரிடத்தில் 'இங்'கை ஏற்பதும் இன்னோரிடத்தில் மறுப்பதும் ஏன் என்று புரிகிறது. முதலாவது தொடங்கி நடந்து முடிகிற செயல். இரண்டாவது ஒரு நிலை. நிலைக்கு நடுவழி கிடையாது.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் பலிக்காது. "அவன் வருவான்னு நம்பிக்கிட்டிருந்தேன்" நல்ல தமிழ். "ஐ வாஸ் பிலீவிங்" அப்படி நல்ல ஆங்கிலம் இல்லை. அந்த மாதிரிச் சொற்களைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் விதியைப் புரிந்துகொண்டு விலக்கைப் படிப்பது வேறு, எல்லாவற்றையுமே தப்பாகப் படித்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளாவது வேறு.

அந்தக் கோடும் ஒன்றும் கல்வெட்டில் பொறித்தது கிடையாது. 2003ல் மெக்டொனால்ட்ஸ் உலகம் பூராவும் "ஐ'ம் லவ்வின் இட்" என்று விளம்பரம் செய்தது. பாடப்புத்தகத்தைக் கேட்டால் 'லவ்' நிலைவினை, 'இங்' போடக்கூடாது. எழுதியவர்களுக்கு அது தெரியாமலில்லை. இந்த நிமிடம், இந்த வாய், இந்த ருசி என்கிற சாயலுக்காக வேண்டுமென்றே போட்டார்கள். அழகான பிரயோகம். அதையே தென்காசிக்காரன் கேன்டீனில் சொல்லியிருந்தால் எம்டிஐ கணக்கில் இன்னொரு புள்ளி ஏறியிருக்கும்.

நிஸிம் எஸக்கியலின் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' கவிதையைப் பலர் கல்லூரியில் படித்திருப்பீர்கள். இந்தியர்கள் எதற்கெடுத்தாலும் 'இங்' போடுவதை வைத்தே நகரும் கிண்டல். திறமையான கவிதை. படித்தபோது வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த வகுப்பில் இருந்த அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போது தோன்றவில்லை.

2. பெயர் சூட்டு விழா

ஒன்பதாம் வகுப்பில் ஒரு அரை மார்க் இழந்தேன், அது இன்னும் வலிக்கிறது. "ஸ்விம்மிங் இஸ் எ குட் எக்சர்சைஸ்." 'ஸ்விம்மிங்' என்ன என்று கேள்வி. நான் பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்று எழுதினேன். தப்பு, ஜெரண்ட். ஏன் என்று போய்க் கேட்டேன். "முதல்ல வந்தா ஜெரண்ட், நடுவுல வந்தா பார்ட்டிசிபிள்" என்று பதில் வந்தது. அந்த விதியைப் பத்திரமாகக் கல்லூரிவரை கொண்டுபோனேன். "சிங்கிங் லௌட்லி, ஹி வாக்ட் ஹோம்" என்கிற வாக்கியத்தில் போய் மோதி உடைந்தது. அங்கே 'சிங்கிங்' முதலில்தான் நிற்கிறது. ஆனால் பாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான் என்று அர்த்தம். ஜெரண்ட் கிடையாது.

இந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தவை? இலத்தீன் இலக்கணத்திலிருந்து. இலத்தீனில் இரண்டும் வேறு வேறு உருவம், பார்த்தவுடன் தெரியும், பெயர் வைப்பதில் அர்த்தம் இருந்தது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் செயலின் பெயருக்கு 'உங்' அல்லது 'இங்' என்று விகுதி. எச்சம் போன்ற உருவத்துக்கு 'எண்டெ' என்று வேறு விகுதி. இடைக்கால ஆங்கிலத்தில், தெற்கே தொடங்கி, இரண்டாவதும் மெல்ல மெல்ல 'இங்' ஆகிப் போனது. 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் உட்கார்ந்து எழுதிய சாஸரின் கையில் இரண்டுக்கும் அதே வால். இரண்டு ஆறு கலந்து ஓர் ஆறாகிவிட்டது. அறுநூறு வருடம் கழித்து, கலந்த தண்ணீரில் எந்தச் சொட்டு எந்த ஆற்றுடையது என்று சொல், அரை மார்க் என்கிறோம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இலக்கணக்காரர்களே இந்தப் பிரிவினையைக் கைவிட்டு நாளாயிற்று. ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் 1985ல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலில் 'பெயிண்டிங்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பதினான்கு வாக்கிய உருவங்களை வரிசையாக அடுக்குகிறார்கள். ஒரு முனையில் அது சுத்தமான பெயர்ச்சொல், மறுமுனையில் சுத்தமான வினை, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுகிறது. எங்கேயும் சுவர் இல்லை. ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்து 2002ல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி போய், இரண்டு பெயரையும் ஒட்டி 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' என்று ஒரே பெயராக்கிவிட்டது.

என் தொழிலிலும் இதே கதைதான். கணினிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான பென் ட்ரீபேங்க் என்ற தொகுப்பில் சொல்வகைகளுக்கு 36 குறிகள். அதில் 'விபிஜி' என்று ஒரு குறி. அதன் விளக்கம்: வினை, ஜெரண்ட் அல்லது பிரசன்ட் பார்ட்டிசிபிள். 'அல்லது' என்று போட்டுக் கடந்துவிட்டார்கள். ஒரு புராஜெக்ட்டுக்காக அந்தக் குறிப்பட்டியலை முதன்முதலில் பார்த்த அன்று என் ஒன்பதாம் வகுப்பு அரை மார்க்கைத் திருப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இந்த வாலுக்காக அறிஞர்கள் சண்டையும் போட்டிருக்கிறார்கள். "அவன் புகைபிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை ஆங்கிலத்தில் 'ஹிஸ் ஸ்மோக்கிங்' என்று எழுதுவதா, 'ஹிம் ஸ்மோக்கிங்' என்று எழுதுவதா? இரண்டாவது அசிங்கம் என்று ஃபௌலர் தன் புகழ்பெற்ற பிரயோக அகராதியில் அடித்துப் பேசினார். டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர்சன், ஆங்கில எழுத்தாளர்கள் காலம்காலமாக அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று உதாரணங்களோடு மறுத்தார். நடந்தது 1926ல். தமிழ் இந்தச் சண்டையின் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கலாம். "அவன் புகைபிடிப்பது" என்று எழுவாயை அப்படியே வைத்துப் பெயராக்கிவிடுகிறோம். முடிந்தது.

ஆக, பெயர் சூட்டுவதில் பெரியவர்களுக்கே ஒப்புதல் இல்லை. ஆனால் நாம் பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

3. பக்கத்துப் பீரியட்டில் இருந்த சாவி

"அப்படியானால் எல்லா இங்கும் ஒன்றுதான், விட்டுவிடலாமா?" விடக்கூடாது. பெயர்கள் போகட்டும், வேலைகள் வேறு வேறுதான். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் வாக்கியம் புரியாது. மொழியியல் வகுப்புகளில் அடிபட்டுத் தேய்ந்த உதாரணம் ஒன்று உண்டு. "ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்." இதற்கு இரண்டு அர்த்தம். மாணவர்கள் மரவுரு வரைந்து அதைப் பிரிப்பார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். "விமானம் ஓட்டுவது ஆபத்தாக இருக்கலாம்." "பறக்கும் விமானங்கள் ஆபத்தாக இருக்கலாம்." முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது. தமிழில் அந்தக் குழப்பத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றாலும் முடியாது.

எங்கள் ஆபீசிலேயே நடந்தது. டாஸ்க் போர்டில் "டெஸ்டிங் டூல்ஸ்" என்று ஒரு கார்டு. எழுதியவர் மனதில் இருந்தது, நாங்கள் கட்டிய கருவிகளைச் சோதிப்பது. எடுத்துக்கொண்டவர் இரண்டு நாள் உட்கார்ந்து சந்தையில் என்னென்ன சோதனைக் கருவிகள் கிடைக்கின்றன என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நல்ல ஆங்கிலம் தெரியும்.

பள்ளியில் நாம் படித்த தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். 'ஓடு' என்ற ஒரு வினை போதும். "ரன்னிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்": ஓடுவது உடம்புக்கு நல்லது. தொழிற்பெயர். "ரன்னிங் வாட்டர்": ஓடும் தண்ணீர். பெயரெச்சம். "ஹி கேம் ரன்னிங்": ஓடி வந்தான். வினையெச்சம். "ஹி இஸ் ரன்னிங்": ஓடிக்கொண்டிருக்கிறான். வினைமுற்று. ஆங்கிலம் நான்கு பேருக்கும் ஒரே சட்டையை மாட்டி நிறுத்தியிருக்கிறது. தமிழ் ஆளுக்கொரு சட்டை தைத்து வைத்திருக்கிறது. ஆங்கிலச் சட்டைக்குள் யார் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் தமிழில் கூப்பிட்டால் போதும்.

இன்னும் உள்ளே போகலாம். 'ஸ்லீப்பிங் சைல்ட்', 'ஸ்லீப்பிங் பில்'. குழந்தை தூங்குகிறது. மாத்திரை தூங்குவதில்லை. தூங்கும் குழந்தை, தூக்க மாத்திரை. நீந்தும் மீன், நீச்சல் குளம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அழுத்தத்தில் காட்டுகிறார்கள். மாத்திரையில் அழுத்தம் 'ஸ்லீப்பிங்' மேல் விழும். குழந்தையில் அழுத்தம் 'சைல்ட்' மேல் விழும். தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் தமிழில் பிரித்துக் காட்டிவிட்டு, பிறகு அந்த அழுத்தத்தைக் கேட்கச் சொன்னால், உச்சரிப்பு வகுப்பும் இலக்கண வகுப்பும் ஒரே பீரியட்டில் முடிந்துவிடும்.

'ரீடிங்' எடுத்துக்கொள்ளுங்கள். "கேர்ஃபுல் ரீடிங் ஆஃப் தி கோட்" என்றால் அது பெயர்ச்சொல். "கேர்ஃபுலி ரீடிங் தி கோட்" என்றால் அதற்குள் வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. எப்படி நினைவில் வைப்பது? கவனமான வாசிப்பு. கவனமாக வாசிப்பது. 'கவனமாக வாசிப்பு' என்று நீங்கள் தூக்கத்தில்கூடச் சொல்ல மாட்டீர்கள். 'கோடின் வாசிப்பு', 'கோடை வாசிப்பது' என்று வேற்றுமை உருபுகூடச் சரியாக மாறிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எங்கே 'ஆஃப்' போடுவது என்று தவிக்கிற இடத்தில் தமிழ் எந்தத் தவிப்பும் இல்லாமல் நடந்துபோகிறது.

"ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்", "ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்." இது போட்டித் தேர்வுகளின் செல்லக் கேள்வி. புகைபிடிப்பதை நிறுத்தினான். புகைபிடிக்க நின்றான். ஒருவன் திருந்திவிட்டான், இன்னொருவன் பெட்டிக்கடையில் நிற்கிறான்.

"ஐ ஆம் போரிங்" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் மருந்து இருக்கிறது. 'எனக்கு' போர் அடித்தால் போர்ட். 'நான்' போர் அடித்தால் போரிங். நான்காம் வேற்றுமை தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தப்பு மறுபடி வராது.

எனக்கு இதிலெல்லாம் ரொம்பப் பிடித்தது வினைத்தொகை. 'பிரசன்ட் பார்ட்டிசிபிள்' என்ற பெயரே ஒரு பொய். அதில் பிரசன்ட் எங்கே இருக்கிறது? "தி பீப்பிள் வெயிட்டிங் தேர்" என்பதோடு நேற்று என்று சேர்த்தால் காத்திருந்தவர்கள். இன்று என்றால் காத்திருக்கிறவர்கள். நாளை என்றால் காத்திருக்கப்போகிறவர்கள். 'வெயிட்டிங்' அசையவே இல்லை, காலம் அதற்கு வெளியிலிருந்து வருகிறது. இப்படிக் காலம் காட்டாமல் நிற்கும் உருவம் ஒன்றை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோமே. ஊறுகாய். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூன்றும் அதற்குள் அடக்கம். ஆங்கிலத்தின் 'டிரிங்கிங் வாட்டர்' நம் குடிநீர்தான், அதுவும் வினைத்தொகை. இதைச் சொல்லிவிட்டால் பார்ட்டிசிபிளில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற பாதிக் குழிகளைத் தூர்த்தாயிற்று.

கடைசியாக ஒரு ஆச்சரியம். ஆபீஸ் மெயில்களில் 'ரிகார்டிங்', 'கன்சர்னிங்' என்று எழுதுகிறோம். இவை வினையாகப் பிறந்து, தேய்ந்து, இடைச்சொல் போல ஆனவை. 'டியூரிங்' இன்னும் மோசம், அதன் தாய்வினை வழக்கிலிருந்தே போய்விட்டது, வால் மட்டும் மிச்சம். தமிழில் 'ரிகார்டிங்' என்றால் என்ன? பற்றி. குறித்து. 'பற்று' என்ற வினையின் எச்சம், 'குறி' என்ற வினையின் எச்சம். ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வேலைக்கு ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு ஆசிரியர் இதை வகுப்பில் ஒரு தடவை சொல்லியிருந்தால், இலக்கணம் மேல் எனக்கு வந்த வெறுப்பு பதினைந்து வயதிலேயே தீர்ந்திருக்கும்.

4. மறுப்புகள்

"ஆங்கிலம் கற்க ஆங்கிலத்திலேயே யோசிக்கணும். மொழிபெயர்த்துக்கிட்டு உட்கார்ந்தா ஃப்ளூயன்சி வராது." ட்ரெய்னிங் நடத்துகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. பேசும்போது மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கற்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கேட்கிறேன். சைக்கிள் ஓட்டப் பழகுகிறவனின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஓடி வருவதில்லையா? பழகியதும் விட்டுவிடுவார். நமக்குக் கிடைத்ததோ, பிடிக்க அண்ணன் இருந்தும் "பிடிக்காதே, தானா ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, விழுந்தபின் அண்ணன் மேலேயே பழி போடுகிற பள்ளி.

"தமிழ் இலக்கணத்தை மட்டும் என்ன வாழ வைத்தோம்? அதுவும் மனப்பாடம்தானே?" உண்மை. வினைத்தொகை எதற்கு என்று கேட்டால் "இலக்கணக் குறிப்பு தருக, இரண்டு மார்க்" என்பதைத் தாண்டி எனக்கும் பதில் தெரிந்ததில்லை. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். தமிழ் இலக்கணத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும். ஒரு மொழியை மட்டும் பார்க்கிறவனுக்கு இலக்கணம் கண்ணில் படாது. இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் இடைவெளி தெரியும், அந்த இடைவெளியில்தான் இலக்கணம் இருக்கிறது.

"எல்லா இடத்திலும் பொருந்துமா?" பொருந்தாது. "ஐ ஹேர்ட் ஹெர் சிங்கிங்" என்றால் அவள் பாடுவதைக் கேட்டேன். தமிழில் பெயர் போல நிற்கிறது. பள்ளி ஆங்கிலம் அதைப் பார்ட்டிசிபிள் என்கிறது. "ஹி கெப்ட் டாக்கிங்" என்றால் பேசிக்கொண்டே இருந்தான். தமிழில் எச்சம். ஆங்கிலப் புத்தகங்களில் சில ஜெரண்ட் என்கின்றன, சில பார்ட்டிசிபிள் என்கின்றன. தமிழ்ச் சாவி சிக்குகிற இடங்கள் பல ஆங்கிலத்துக்காரர்களுக்கே சிக்குகிற இடங்கள். அங்கே பிள்ளைக்கு மார்க் குறைக்காமல், "இங்கே இரண்டு மொழியும் வேறு மாதிரி வெட்டுது, பாரு" என்று சொல்லலாம். அதுவும் படிப்புதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பள்ளியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கிறார்கள். வருடத்தில் இரண்டே இரண்டு பீரியட் சேர்ந்து நின்று பாடம் எடுக்கட்டும். ஜெரண்ட் என்ற சொல்லை அதற்கப்புறம் சொன்னால் போதும். கம்பெனிகள் அந்த எம்டிஐ கட்டத்தை அப்ரைசல் ஃபாரத்திலிருந்து எடுத்துவிடட்டும். கேள்வி புரிந்ததா, பதில் கிடைத்ததா என்று மட்டும் பார்க்கட்டும்.

5. இரண்டும் ஒன்று

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம். ஒர்க்புக்கில் ஜெரண்டுகளை அடிக்கோடிடச் சொல்லிப் பத்து வாக்கியம். "முதல்ல வந்தா ஜெரண்ட்தானே மாமா?" என்றாள். இருபது வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு பள்ளியில், அதே விதி. தமிழில் சொல்லிப் பார், 'வது' வருகிறதா, 'கிற' வருகிறதா, 'இக்கொண்டே' வருகிறதா என்று பார் என்றேன். எட்டு சரியாகப் போட்டாள். மீதி இரண்டுக்கும் என்னோடு சண்டை போட்டாள், அதில் ஒன்றில் அவள் சொன்னதுதான் சரி. பிறகு கேட்டாள்: "இதத்தான் போன வாரம் தமிழ் மிஸ் எடுத்தாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு ஏன் மாமா யாருமே சொல்லல?"

பதில் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்ததும் அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். அந்த ஸ்மைலியில் ஒன்று என்னுடையது என்பது அவனுக்குத் தெரியாது, மெயிலின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒரு மெசேஜ் வந்தது. ஸ்மைலியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. "அண்ணா, அந்த ஜாப் நவம்பர்ல ரெண்டு தடவ ஓடுச்சா?"

ஓடவில்லை. அவன் கேட்ட வாரமே திருத்திவிட்டோம். திருத்தம் இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது.